ஷோகன் ஓடிய பிறகும் நின்ற படை

1868 ஜனவரி 30 இரவு ஒசாகா கோட்டையிலிருந்து ஒரு சிறு கூட்டம் சத்தமில்லாமல் வெளியேறியது. முன்னால் போனவர் 15ஆவது ஷோகன் தோகுகாவா யோஷினோபு. ஷோகன் என்றால் பேரரசர் பெயரால் ஜப்பானை ஆண்ட ராணுவத் தலைவர். கூடவே அய்சு நாட்டுப் (அன்றைய ஜப்பான் இப்படிப் பல பிரபுக்களின் நாடுகளாகப் பிரிந்திருந்தது) பிரபு மட்சுதைரா கதாமோரியும், அவருடைய தம்பியும் குவானா நாட்டுப் பிரபுவுமான சதாஆகியும். படகேறியவர்களுக்கு இருட்டில் தங்கள் போர்க்கப்பல் அகப்படவில்லை. அருகில் நின்ற அமெரிக்கக் கப்பல் ஒன்றில் ராத்தங்கிவிட்டு, பிறகு தங்கள் போர்க்கப்பலான காயோ மாருவுக்கு மாறி எடோவுக்கு, அதாவது இன்றைய டோக்கியோவுக்கு, கிளம்பினார்கள். அந்தக் கப்பலின் தலைவர் எனோமோடோ தகேஆகி அப்போது கரையில் இருந்தார். அவரை விட்டுவிட்டே கப்பல் போனது. கோட்டைக்குள்ளே ஆயிரக்கணக்கான வீரர்கள், விடிந்தால் தலைவரே முன்னின்று படை நடத்துவார் என்று நம்பிப் படுத்திருந்தார்கள்.

நியாயமாகப் பார்த்தால் சண்டை அன்றோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் போஷின் போர் என்று பேர் பெற்ற அந்த உள்நாட்டுப் போர் மேலும் 17 மாதம் ஓடியது. ஷோகனே கைவிட்ட ஷோகன் ஆட்சிக்காக எடோவிலும் அய்சுவிலும் கடைசியில் ஹொக்கைடோவிலும் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி நம் பக்கம் சுற்றும் கதை ஒன்றே ஒன்றுதான்: வாளை நம்பிய பழைய சாமுராய்கள் துப்பாக்கி ஏந்திய புதுப் படையிடம் தோற்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆயுதக் கணக்கை எடுத்துப் பார்த்தால் கதை நிற்காது. பிரெஞ்சுப் பயிற்சியாளர்கள், நாட்டின் மிகப் பெரிய போர்க்கப்பல், ஆள்பலம் எல்லாம் ஷோகன் பக்கம்தான் இருந்தன. தோற்றதற்குக் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

தேதி பற்றி முதலிலேயே ஒரு வார்த்தை. ஜப்பான் 1873 வரை சந்திர நாட்காட்டியில் ஓடியது. இணையத்தில் பாதிக் கட்டுரைகள் சந்திர மாதத்தையே ஆங்கில மாதமாக எழுதிவிடுகின்றன. இந்தக் கதையில் பின்னால் வரும் ஹிஜிகாதா இறந்த நாள் ஓரிடத்தில் மே 11 என்றும் இன்னோரிடத்தில் ஜூன் 20 என்றும் இருந்தால் குழம்ப வேண்டாம், இரண்டும் ஒரே நாள். இங்கே எல்லாமே ஆங்கிலத் தேதி.

கதை தொடங்குவது கியோட்டோவில். 1862இல் கலவரம் மிகுந்த பேரரசர் தலைநகரைக் காக்கும் பொறுப்பைக் கதாமோரியின் தலையில் கட்டினார்கள். விறகுச் சுமையோடு தீயணைக்கப் போவதற்குச் சமம் என்று அவருடைய மூத்த அமைச்சர்களே தடுத்தார்கள். அய்சு 2,30,000 கொக்கு வருவாயுள்ள நாடு. ஒரு கொக்கு என்பது ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசி, ஏறக்குறைய 150 கிலோ. அந்த வருவாயில் ஆயிரம் பேரை ஊரைவிட்டு அத்தனை தொலைவில் நிறுத்திச் சோறு போடுவது கஜானாவைக் காலி செய்கிற வேலை. மறுக்க முடியாததற்குக் காரணம் அந்தக் குலத்தின் முதல் தலைவர் எழுதிவைத்த 15 விதிகள். முதல் விதியே ஷோகனுக்கு ஒரே மனதாய் உழைக்கச் சொல்கிறது. கதாமோரி தத்துப்பிள்ளையாய் வந்தவர். அந்த விதியை மீறும் துணிவு அவருக்கு வரவில்லை.

கைக்கு ஆள் தேவைப்பட்ட நேரத்தில் வந்து சேர்ந்ததுதான் ஷின்சென்குமி. 1863இல் எடோவிலிருந்து கியோட்டோவுக்கு அழைத்து வரப்பட்ட 200க்கு மேற்பட்ட தலைவனில்லாச் சாமுராய்களில் பெரும்பாலோர் திரும்பிவிட, மிபு கிராமத்தில் தங்கிவிட்ட சிறு குழு அது. அதன் தலைவர் கோண்டோ இசாமியும் துணைத்தலைவர் ஹிஜிகாதா தோஷிஸோவும் பிறப்பால் சாமுராய்கள் இல்லை. எடோவுக்கு மேற்கே தாமா பகுதி விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். ஹிஜிகாதா வீட்டில் இஷிதா சான்யாகு என்ற மருந்துப்பொடி தயாரித்து விற்றார்கள். ஆற்றங்கரைச் செடியைக் கடுங்கோடையில் பறித்து உலர்த்திப் பொடியாக்கி, அடிபட்ட வலிக்குச் சூடான சாகே என்ற அரிசி மதுவில் கலந்து குடிக்கக் கொடுப்பது. அந்த மூட்டையைச் சுமந்து ஊர் ஊராய் விற்றவர்தான் பின்னாளில் படையின் இரும்புக்கை.

சினிமாவில் வரும் வெளிர்நீல மேலங்கியை அவர்கள் ஓராண்டு போட்டிருந்தால் அதிகம். பிறகு கறுப்புதான். சண்டை முறையிலும் பெரிய வீரசாகசம் கிடையாது. குழுவுக்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே இரண்டு பேர், அவர்களுக்குக் கீழே ஆளுக்கு ஐந்து பேர் என்று பிரிந்து போவார்கள். எதிரி ஒருவன் என்றால் மூன்று நான்கு பேர் சுற்றிக்கொள்வார்கள். உள்ளே இரும்பு வளையச் சட்டை, தலையில் இரும்புத்தகடு தைத்த பட்டி. 1864 ஜூலை 8 இரவு, ஷோகனின் எதிரிகள் கூடியிருந்த இகேதாயா விடுதியில் ஏறக்குறைய பத்துப் பேரோடு கோண்டோ நுழைந்தபோது ஹிஜிகாதாவின் பெரிய குழு வேறு தெருக்களில் தேடிக்கொண்டிருந்தது. தாழ்ந்த கூரை, ஒடுங்கிய மாடிப்படி, கும்மிருட்டு. அந்தச் சண்டையைப் பற்றிக் கோண்டோ ஊருக்கு எழுதிய கடிதத்தில் ஆயுதச் சேதம்தான் கண்ணில் படுகிறது. நகாகுராவின் வாள் முறிந்தது, ஒகிதாவின் வாள்முனை உடைந்தது, தோடோவின் வாள் விளிம்பு துடைப்பம் போல் சிதைந்தது. ஒரே ஒரு இரவுச் சண்டைக்கே இந்த நிலைமை. உத்தரத்திலும் தூணிலும் எதிரியின் வாளிலும் மோதி மோதி நல்ல எஃகும் போய்விடும். வாள் போலீஸ் வேலைக்கான கருவி, போருக்கான கருவி அன்று என்பதை அவர்களைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது.

உள் ஒழுங்கு கொடூரமானது. படையை விட்டு ஓடினால், தனியாகப் பணம் திரட்டினால், சொந்தப் பகைக்குச் சண்டை போட்டால் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டும். இந்த விதிகள் ஐந்து என்று எல்லோரும் எழுதினாலும், உயிர்பிழைத்த நகாகுரா ஷின்பாச்சி சொன்ன கணக்கில் நான்குதான் வருகின்றன. எண்ணிக்கை எதுவானாலும், போருக்கு முந்தைய ஆண்டுகளில் எதிரி கொன்றதைவிடத் தாங்களே கொன்ற தோழர்கள்தான் அதிகம். 1867 கோடையில் இவர்களை ஷோகனின் நேரடிப் பணியாட்களாக உயர்த்தினார்கள். விவசாயி மகன் கோண்டோ முழுச் சாமுராய் ஆனார். சில மாதத்தில், நவம்பர் 9 அன்று, யோஷினோபு ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்துவிட்டார்.

ஒப்படைத்தால் புது அரசில் தலைமை இடம் கிடைக்கும் என்பது யோஷினோபுவின் கணக்கு. 1868 ஜனவரி 3 அன்று, ஷோகனை எதிர்த்த தென்மேற்கு நாடான சத்சுமாவின் ஆட்களும் சில அரசவைப் பிரபுக்களும் அரண்மனையைக் கைப்பற்றி அந்தக் கணக்கைக் கலைத்தார்கள். ஜனவரி 27 அன்று ஷோகன் படை ஒசாகாவிலிருந்து கியோட்டோவுக்கு நடந்தது. இவர்கள் ஏறக்குறைய 15,000, எதிரே சத்சுமாவும் அதன் கூட்டாளி நாடான சோஷூவும் சேர்ந்து 5,000.

தோபா சாலையில் நடந்ததை ராணுவப் பாடப்புத்தகத்தில் தவறுகளின் மாதிரியாகச் சேர்க்கலாம். சாலை ஒடுக்கம். படை நீண்ட வரிசையாய் நடந்தது. வழிவிடச் சொல்லிக் கேட்டால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்ததால் முன்வரிசைத் துப்பாக்கிகளில் குண்டுகூடப் போடவில்லை. எதிரே சத்சுமா ஆட்கள் இரு பக்கமும் பரந்து, பீரங்கியைக் குறிபார்த்து நிறுத்திவிட்டுப் பேச்சுவார்த்தையை இழுத்தடித்தார்கள். மாலை ஐந்து மணிவாக்கில் பொறுமை தீர்ந்து வரிசை முன்னேற, முதல் குண்டு பாய்ந்தது. தளபதி தகிகாவாவின் குதிரை வெருண்டு தன் வரிசைக்குள்ளேயே புகுந்து ஓடியது. முன்னால் இருந்தவர்கள் திரும்பப் பின்னால் இடமில்லை. மூன்று மடங்கு ஆள்பலத்தால் ஒரு பயனும் இல்லாமல் போனது. அத்தனை பேரில் சுட முடிந்தது தலைப்பகுதிக்கு மட்டும்தான்.

பக்கத்து ஊரான ஃபுஷிமியில் ஷின்சென்குமி நீதிபதி அலுவலகத்துக்குள் இருந்தது. கோண்டோ அங்கே இல்லை. இரண்டு வாரம் முன்பு, பிரிந்துபோன பழைய தோழர்கள் தோளில் சுட்டதில் படுக்கையில் கிடந்தார். ஹிஜிகாதா தலைமை. எதிரில் கோகோனோமியா கோயில் மேட்டில் சத்சுமா பீரங்கிகள் அலுவலகத்தை மேலிருந்து அடித்தன. நகாகுரா சில ஆட்களோடு சுவரேறிக் குதித்து வாளோடு பாய்ந்தார், நெருங்க முடியவில்லை. திரும்பி வந்தபோது பாரமான கவசத்தோடு சுவரேற முடியாமல் தவிக்க, சுவர்மேலிருந்த ஷிமாதா காய் தன் துப்பாக்கியை நீட்டிப் பிடிக்கச்சொல்லித் தூக்கிவிட்டார். ஷிமாதா பெருத்த ஆள், பலசாலி. துப்பாக்கி அன்று அதற்காவது உதவியது.

மறுநாள் எதிரணி சிவப்பு ஜரிகைப் பட்டில் பொன் சூரியனும் வெள்ளி நிலவும் பொறித்த பேரரசர் கொடியை ஏற்றியது. முன்கூட்டியே துணி வாங்கி ரகசியமாகத் தைத்து வைத்திருந்த கொடி. அது ஏறியதும் எதிர்த்து நிற்பவர் எல்லோரும் அரசவைப் பகைவர் ஆனார்கள். பின்வாங்கிய படையை யோதோ கோட்டை உள்ளே விடவில்லை. இத்தனைக்கும் அதன் பிரபு ஷோகனின் மூத்த அமைச்சர்களில் ஒருவர். அடுத்து, ஆற்றுக்கு அக்கரையில் காவலிருந்த த்சு நாட்டுப் படை பீரங்கியை இந்தப் பக்கம் திருப்பியது. பிறகுதான் யோஷினோபுவின் இரவுப் பயணம். அவர் மித்தோ குலத்தில் பேரரசர் பக்தியோடு வளர்ந்தவர், தாய் அரசகுடும்பத்துப் பெண். அரசவைப் பகைவன் என்ற பட்டத்தை அவரால் தாங்க முடியவில்லை என்பதே என் வாசிப்பு. கோழை என்று எளிதாக முடித்துவிடுகிறார்கள், எனக்கு அது போதவில்லை.

கதாமோரியின் நிலைமை இன்னும் விசித்திரம். 1863இல் அன்றைய பேரரசர் கோமெய் அவரைப் பாராட்டித் தன் கையாலேயே எழுதிய கடிதமும் பாடல்களும் அவரிடம் இருந்தன. பேரரசரின் நம்பிக்கைக்குரியவர் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். அதே மனிதரைத்தான் அடுத்த பேரரசரின் பெயரால் பகைவர் என்று அறிவித்தார்கள். அவர் அந்தக் கடிதத்தை மூங்கில் குழாயில் போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு 1893இல் சாகும்வரை வெளியில் காட்டவேயில்லை.

இனித் துப்பாக்கி. அந்தக் காலத்து ஜப்பானில் எல்லாச் சரக்கும் கலந்து கிடந்தது. பழைய கெவேர் வாய்வழி குண்டு போடுவது, குழல் உட்புறம் வழவழப்பு, நூறு மீட்டருக்கு மேல் குறி சொல்லிச் சுட முடியாது. மினியே வகையும் வாய்வழிதான். ஆனால் குழலுக்குள் திருகு வரி உண்டு. குண்டின் அடிப்பாகம் குழிவாக இருக்கும். மருந்து வெடிக்கும்போது அது விரிந்து வரியைக் கவ்வி, சுழன்று வெளியேறும். அதனால் 300 மீட்டரிலும் ஆளை அடிக்கலாம். நிமிடத்துக்கு இரண்டு மூன்று முறை சுடலாம், ஆனால் நின்றுகொண்டுதான் குண்டு போட வேண்டும். ஸ்னைடர் பின்பக்கம் திறப்பது, படுத்தபடியே போட்டு மூன்று நான்கு மடங்கு வேகத்தில் சுடலாம். ஸ்பென்சரில் கட்டைக்குள் ஏழு தோட்டா வரிசையாய் நிற்கும்.

இங்கேதான் சிக்கல். மினியே குண்டை ஈயம் உருக்கி அச்சில் வார்த்து, காகிதத்தில் மருந்தோடு சுருட்டி எந்த ஊரிலும் செய்துகொள்ளலாம். ஸ்பென்சருக்கு வேண்டியது உலோகத் தோட்டா, வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். அய்சு முற்றுகையின்போது யாமாமோட்டோ யாயே என்ற பெண் தலைமுடியை வெட்டி, ஆணுடை உடுத்து, ஸ்பென்சரும் நூறு தோட்டாவுமாகக் கோட்டைக்குள் போனார். அந்த நூறு தீர்ந்தால் அருமையான துப்பாக்கி வெறும் தடி. ஒரே படைக்குள் நான்கு வகைத் துப்பாக்கி இருந்தால் நான்கு வகைப் பெட்டி சுமக்க வேண்டும், தப்பான பெட்டி வந்தால் அந்தப் பிரிவு அன்றைக்கு அவ்வளவுதான்.

புதுத் துப்பாக்கி வைத்திருந்தாலே ஜெயம் என்றும் இல்லை. 1868 ஜூலை 4 அன்று எடோவின் உவேனோ குன்றில் கானேஜி கோயிலைப் பிடித்துக்கொண்டிருந்த, ஷோகன் பக்கத்து ஷோகிதாய் படையைப் புது அரசின் படை தாக்கியபோது, பின்வாசல் பக்கம் போன சோஷூ ஆட்களுக்கு அப்போதுதான் ஸ்னைடர் கையில் கொடுத்திருந்தார்கள். இயக்கத் தெரியாமல் திணறிப் பின்வாங்கிப் பழகிக்கொண்டு வர வேண்டியிருந்தது. அதே போரில் ஷினோபாசு குளத்துக்கு அக்கரை ககா நாட்டு மாளிகையிலிருந்து ஆம்ஸ்ட்ராங் பீரங்கி சுட்டது. சண்டை ஒரே நாளில், மாலைக்குள் முடிந்தது. தாக்குதலைத் திட்டமிட்ட ஓமுரா மாசுஜிரோ மூன்று பக்கம் அடைத்து, வடகிழக்கை மட்டும் வேண்டுமென்றே திறந்து வைத்தார். தப்ப வழி இருக்கிறவன் கடைசிவரை நிற்கமாட்டான், நகரத்துக்குள் புகுந்து நெருப்பு வைக்கவும் மாட்டான். குண்டு துளைத்த கறுப்பு வாசல் இன்று மினாமி சென்ஜூவில் என்ட்சூஜி கோயிலில் நிற்கிறது. அழுகும்வரை கிடத்தப்பட்ட உடல்களில் 266ஐ அடக்கம் செய்தது அந்தக் கோயில்தான். உவேனோவிலேயே இருக்கும் கல்லறைக் கல்லில் போரில் இறந்தோர் என்றுதான் பொறித்திருக்கிறது, யார் படை என்ற பெயரே கிடையாது.

கோண்டோவின் முடிவை அதிகம் நீட்ட வேண்டாம். மார்ச்சில் 200 பேரோடு கோஃபு கோட்டையைப் பிடிக்கப் போனவர் வழியில் சொந்த ஊர்க்காரர்கள் வைத்த விருந்துகளில் நேரத்தைத் தொலைத்தார். கோட்டை முன்னதாகவே எதிரி கைக்குப் போய்விட்டது. ஆட்களும் வழியில் கழன்றுகொண்டார்கள். 29ஆம் தேதி கட்சுநுமாவில் சண்டை இரண்டு மணிநேரம்கூடத் தாங்கவில்லை. மே 17 அன்று இதபாஷியில் அவர் தலையை வெட்டினார்கள். சாமுராய்க்குரிய வயிற்றுக்கிழிப்பு மரியாதைகூட இல்லை, குற்றவாளிக்குக் கொடுக்கும் தண்டனை.

அய்சுவின் வீழ்ச்சிதான் போரின் நடுப்பகுதி. தோபாவுக்குப் பிறகுதான் அங்கே படையை வயதுவாரியாகப் பிரித்தார்கள்: 50க்கு மேல் கென்பு, 36 முதல் 49 வரை செய்ரியூ, 18 முதல் 35 வரை சுசாகு, 16, 17 வயதுப் பிள்ளைகள் பியாக்கோ. துப்பாக்கிகள் நீகாதா துறைமுகம் வழியாக வெளிநாட்டு வியாபாரிகளிடமிருந்து வந்தன. செப்டம்பர் 15 அன்று ஷிபதா நாடு கட்சி மாறி எதிரியைக் கரையிறங்க விட்டதில் நீகாதா போனது. அய்சுவின் கழுத்து நெரிந்தது அன்றைக்குத்தான், கோட்டை விழுந்த அன்று இல்லை.

அக்டோபர் 6இல் போனாரி கணவாய். எதிரி நகயாமா கணவாய் வழியாக வருவதுபோல் பாவனை காட்டி, மூடுபனியில் போனாரியில் ஏறினான். அங்கே 800 பேர்தான். எல்லைகள் எங்கும் படையைத் தூவி வைத்திருந்ததால் தலைநகர் காலி. அடுத்த தடுப்பு ஜூரோகுபாஷி பாலம். இடிக்க ஆள் அனுப்பினார்கள், ஆனால் அது கல் பாலம், பெயர்க்கப் பெயர்க்க நேரம் போனது. இடிந்து முடியுமுன் சத்சுமா ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். 8ஆம் தேதி காலை எதிரி நகருக்குள். இடையில் இருந்த நேரத்தில் முன்னே தள்ளப்பட்டவர்கள்தான் பியாக்கோ படைப் பிள்ளைகள். கையில் கனமான பழைய துப்பாக்கி, மேலே மழை. தோற்று, கால்வாய்ச் சுரங்கம் வழியாக இருட்டில் ஊர்ந்து இய்மோரி குன்றில் ஏறியவர்கள் நகரம் புகைவதைக் கண்டார்கள். 19 பேர் இறந்தார்கள். கழுத்தறுத்துக்கொண்டும் பிழைத்த ஈநுமா சதாகிச்சி பின்னாளில் தந்திப் பொறியாளராகி 1931 வரை வாழ்ந்தார். கோட்டை எரிவதாகத் தப்பாக நினைத்துச் செத்தார்கள் என்பது பரவிய கதை. ஈநுமா விட்டுச்சென்ற விவரத்தில் கோட்டைக்குப் போவதா, எதிரிமேல் பாய்வதா என்று அவர்கள் வாதாடியதும், இரண்டும் முடியாமல் பிடிபடுவோம் என்ற அச்சமும் இருக்கின்றன. சிறுவர்களை முட்டாள்களாக்கும் கதையைவிட இது நம்பும்படி இருக்கிறது.

கோட்டை ஒரு மாதம் தாங்கியது. தென்கிழக்கே ஓதா மலையிலிருந்து பீரங்கி மழை. உள்ளே விழும் குண்டுகள் பல உடனே வெடிக்காது, திரி எரிந்துகொண்டிருக்கும். பெண்கள் நனைத்த மெத்தையோடு ஓடிப்போய் மேலே போர்த்தி அணைத்தார்கள். சிலர் கையிலேயே வெடித்தது. எல்லைக்குப் போயிருந்த யாமாகாவா ஓகுரா முற்றுகைக்கு வெளியே மாட்டிக்கொண்டார். பக்கத்துக் கிராமத்துச் சிங்க நடனக் குழுவை முன்னால் விட்டு, குழலும் மேளமுமாகத் தன் படையை எதிரி வரிசைகளுக்கு நடுவே நடத்திப் போனார். யார் படை என்று எதிரிகள் முழித்து நிற்கையில் கோட்டைக் கதவு திறந்து மூடிவிட்டது. நவம்பர் 6 அன்று சரணடையும்போது வெள்ளைக்கொடிக்குத் துணியில்லை. வெள்ளை எல்லாம் காயத்துக்குக் கட்டுப் போட்டே தீர்ந்திருந்ததால், துண்டுகளைச் சேர்த்துத் தைத்தார்கள்.

எஞ்சியது கடல். அக்டோபர் 4 அன்று எனோமோடோ எட்டுக் கப்பலோடு எடோ விரிகுடாவை விட்டு வெளியேறினார். வெளியேறியதுமே புயல். மிகாஹோ என்ற கப்பல் சோஷிக் கரையில் உடைந்தது, கான்ரின் என்ற கப்பல் ஒதுங்கிய இடத்தில் பிடிபட்டது. செண்டாயில் ஆளேற்றும்போது ஒரு கட்டுப்பாடு வைத்தார்கள்: அடைக்கலம் வந்த பிரபுக்கள் சில பணியாட்களைத்தான் கூட்டிவரலாம். மிச்சம் இருந்த குவானா, மட்சுயாமா, கராட்சு ஆட்கள் ஷின்சென்குமியில் பேர் பதிந்துகொண்டு ஏறினார்கள். ஹொக்கைடோவின் ஹகோடாடேயில் போரிட்ட ஷின்சென்குமியில், கியோட்டோவிலேயே அந்தப் படையில் இருந்தவர்கள் சிறுபான்மை. பெரும்பங்கு தம் பிரபுவைவிட்டுப் பிரிய மனமில்லாதவர்கள்.

டிசம்பரில் ஹொக்கைடோவின் வாஷினோகியில் பனியில் இறங்கி, 9ஆம் தேதி கோர்யோகாகு கோட்டையைப் பிடித்தார்கள். எசோ (ஹொக்கைடோவின் பழைய பெயர்) குடியரசு என்று உலகம் அதை அழைக்கிறது. அவர்கள் கேட்டது குடியரசு இல்லை. 40 லட்சம் கொக்கு நேரடி நிலம் வைத்திருந்த தோகுகாவா குலத்துக்கு 7 லட்சம்தான் மிஞ்சியது, அதில் பழைய பணியாட்களுக்குச் சோறு போட முடியாது, ஆகவே இந்த வடக்கு நிலத்தைக் கொடுங்கள், உழுது காத்துக்கொள்கிறோம் என்பதுதான் மனு. செஞ்சோற்றுக்கடன் பேசுகிறவர்கள் சோற்றுக்கணக்கையும் பார்க்க வேண்டும். 1869 ஜனவரியில் அதிகாரிகள் வாக்களித்து எனோமோடோவைத் தலைவராக்கினார்கள், 856 வாக்கில் அவருக்கு 156.

அதற்கு ஒரு மாதம் முன்பே போர் உண்மையில் தோற்றுப்போயிருந்தது. டிசம்பர் 28 இரவு எசாஷியில் நங்கூரமிட்டிருந்த காயோ மாருவைக் காற்று பாறைமேல் தள்ளியது. பாறைப்பக்கத்துப் பீரங்கிகளை ஒன்றாகச் சுட்டு அந்த உதைப்பில் கப்பலை நகர்த்தப் பார்த்தார்கள், அசையவில்லை. மீட்கப்போன ஷின்சோகு என்ற கப்பலும் சேர்ந்து உடைந்தது. 26 பீரங்கியோடு கட்டிய 72 மீட்டர்க் கப்பல் அது. அந்த ஒரு கப்பலை நம்பித்தான் தீவைக் காக்க முடியும் என்று வந்திருந்தார்கள். எசாஷிக்கு அதைக் கொண்டுபோக வேண்டிய கட்டாயமும் இருக்கவில்லை, அந்த ஊரை எதிரி ஏற்கெனவே காலிசெய்திருந்தான்.

இழந்ததை ஈடுகட்ட எடுத்த முயற்சி 1869 மே 6 மியாகோ விரிகுடாத் தாக்குதல். புது அரசின் இரும்புக்கவசக் கப்பல் கோதெத்சு அங்கே நின்றது. முதலில் ஷோகன் அரசுதான் அமெரிக்காவிடம் அதற்கு விலை பேசியது, கைக்கு வந்தபோது எதிரிக்குப் போய்விட்டது. அதை அப்படியே ஏறிப் பிடித்துக்கொண்டு வருவது திட்டம். மூன்று கப்பல் கிளம்பி, புயலாலும் இயந்திரக் கோளாறாலும் கடைசியில் காய்தென் ஒன்றுதான் போய்ச் சேர்ந்தது. அமெரிக்கக் கொடியோடு நெருங்கிக் கடைசி நொடியில் தன் கொடியை ஏற்றியது. இதுவரை சரி. ஆனால் காய்தென் இரு பக்கமும் துடுப்புச் சக்கரம் வைத்த கப்பல். பக்கத்தோடு பக்கமாய் ஒட்ட முடியாது, சக்கரம் இடிக்கும். மூக்கால்தான் மோத முடிந்தது. மூக்கு எதிரியின் தளத்தைவிட மூன்று மீட்டர் உயரம். அகலமில்லாத அந்த மூக்கிலிருந்து ஒவ்வொருவராகக் குதிக்க வேண்டியிருந்தது, குதித்தவர்களை ஒவ்வொருவராகவே சுட்டார்கள். முப்பது நிமிடத்தில் தலைவர் கோகா கெங்கோவும் இறந்து, கப்பல் பின்வாங்கியது. வீரத்தில் குறையில்லை, சக்கரத்தின் அமைப்பு திட்டத்துக்கு ஒத்துவரவில்லை. அரசுப் பக்கம் கசுகா என்ற கப்பலில் இருந்த ஓர் இளைய அதிகாரி தோகோ ஹெய்ஹச்சிரோ, 36 ஆண்டுக்குப் பின் சுஷிமாவில் ரஷ்யக் கடற்படையை அழித்தவர்.

மே 20 அன்று ஒதோபேயில் அரசுப் படை இறங்கியது. மலைவழியைத் தடுக்க ஹிஜிகாதா 300 பேரோடு ஃபுதமாதாவில் நின்றார். கியோட்டோவில் வாள்காரராக அறியப்பட்டவர் இங்கே எப்படிச் சண்டையிட்டார் என்று பாருங்கள். பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவில் மண் மதில் 16 கட்டினார். முன்வரிசை சுட்டுவிட்டுப் பின்வாங்கி எதிரியை மதில்களுக்குக் கீழே இழுத்துவந்தது. மே 24 பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கி மறுநாள் காலை ஏழுவரை 16 மணிநேரம், 35,000 குண்டு. ஆளுக்கு நூற்றுக்கு மேல். மினியே குண்டு ஒன்று 34 கிராம் என்று வைத்தால் ஒரு டன்னுக்கு மேற்பட்ட ஈயம், அதை முன்கூட்டியே மலைமேல் சுமந்து வைத்திருக்க வேண்டும். இரவில் மழை வந்தபோது மேற்சட்டையைக் கழற்றித் தோட்டாப் பெட்டியைப் போர்த்தினார்கள், நனைந்த வெடிமூடிகளை மார்பில் வைத்து உலர்த்தினார்கள். விடிந்தபோது எல்லார் முகமும் மருந்துப்புகையில் கரி. ஜூன் தொடக்கத்தில் இரண்டாவது தாக்குதல், குழல் கை வைக்க முடியாமல் சுட, வாளித் தண்ணீர் ஊற்றி ஊற்றிச் சுட்டார்கள். அதையும் தடுத்தார்கள். ஃபுதமாதா கடைசிவரை விழவில்லை. கடலோரம் யாஃபுராய் விழுந்ததால் முதுகுப்பக்கம் அடைபடும் என்று தாமாகவே இறங்கினார்கள். கடற்கரைச் சாலையை அடித்தது அரசுக் கப்பல்கள், அதைத் தடுக்க இவர்களிடம் கப்பல் இல்லை.

கோர்யோகாகுவின் கதையும் அதேதான். ஐந்து முனை நட்சத்திரக் கோட்டை, ஐரோப்பிய பாணி, 1857இல் தொடங்கிக் கட்டியது. முன்காப்பு முக்கோண மதில் ஐந்து திட்டமிட்டு, பணமில்லாமல் ஒன்றுதான் எழுந்தது. நடுவில் இருந்த அலுவலகக் கட்டடத்தின் கூரைக் கோபுரம் விரிகுடாவிலிருந்தே தெரிந்தது. கோதெத்சுவின் பீரங்கிக்கு அதைவிட வசதியான குறி கிடைக்காது. நகரத்து மக்களின் ஆதரவும் போயிருந்தது. பணத்தட்டுப்பாட்டில் தரமற்ற காசு அச்சடித்தார்கள், இப்போன்கியில் வேலி போட்டுப் போகிறவர் வருகிறவரிடம் சுங்கம் வாங்கினார்கள். ஜூன் 20 அன்று துறைமுகத்துப் பெந்தென் பீரங்கித்தளத்தில் சிக்கிய ஷின்சென்குமியை மீட்கக் குதிரையில் போன ஹிஜிகாதா, அந்த இப்போன்கி வாசலில்தான் வயிற்றில் சுடப்பட்டு இறந்தார். எனோமோடோ தன்னிடமிருந்த கடற்சட்ட நூல் தீயில் அழியக்கூடாது என்று எதிரித் தளபதி குரோதாவுக்கு அனுப்பினார், அவர் பதிலுக்குச் சாகே அனுப்பினார். 27ஆம் தேதி சரணடைவு.

சில ஆண்டு சிறைக்குப் பின் எனோமோடோ அதே அரசில் தூதராகி 1875இல் ரஷ்யாவோடு எல்லை ஒப்பந்தம் போட்டார், பிறகு அமைச்சர் ஆனார். அய்சுக்காரர்களை வடகோடியில் தோனாமி என்ற தரிசுக்கு அனுப்பினார்கள். பேருக்கு 30,000 கொக்கு, விளைந்தது அதில் கால்வாசிகூட இல்லை. பசியில் பலர் போலீஸ் வேலைக்கு வந்தார்கள். 1877இல் சத்சுமா இதே அரசுக்கு எதிராகக் கலகம் செய்தபோது, அவர்களை அடக்கப் போன போலீஸ் படையில் பழைய ஷின்சென்குமி குழுத்தலைவர்களில் ஒருவரான சாய்தோ ஹாஜிமே வேறு பெயரில் இருந்தார், காயமும் பட்டார். அய்சுத் தளபதி சாகவா கான்பெய் அசோ மலைப்பக்கம் சத்சுமா ஆட்களோடு மோதி இறந்தார். தபாருசகாவில் மழையில் வாய்வழித் துப்பாக்கிகள் நனைந்து சத்சுமா ஆட்கள் வாளோடு பாய்ந்ததால், அரசு போலீஸ்காரர்களிலிருந்து வாட்படை ஒன்றைத் திரட்டி அனுப்பியது. வாள் பழகியவர்களைத் தேடி எடுத்ததில் அய்சு ஊர்க்காரர்களும் இருந்தார்கள்.